பிரிக்ஸ் பதினான்கு, உப்பு முப்பத்தைந்து

பகலெல்லாம் மாம்பழக் கூழுக்குச் சர்க்கரை பார்க்கிறேன்.
கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு விட்டு
ஜன்னல் பக்கம் திரும்பி ஒற்றைக் கண்ணை மூடினால்
நீலமும் வெள்ளையும் முட்டிக்கொள்ளும் கோடு:
பதினான்கு. பெங்களூரா. டிரம்மில் அடைக்கலாம்.

வீட்டிலும் அதே மாதிரி ஒரு குழல் இருக்கிறது.
அளவுக்கோடு மட்டும் வேறு.
முப்பத்தைந்து காட்டினால் அது கடல்.
கிருஷ்ணகிரி பழையபேட்டையில், முதல் மாடியில்,
இரும்புக் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே
நான்கடி நீளக் கடல்.

கடல் சரியாகத்தான் இருந்தது.
பாசிதான் வந்துவிட்டது.

முதலில் பின்பாறையில் ஒரு விரற்கடைப் பச்சை.
அழகாகக்கூட இருந்தது, பொய் சொல்லக் கூடாது.
ஒரே வாரத்தில் முடியாக நீண்டு,
மோட்டார் தள்ளும் ஓட்டத்தில்
எண்ணெய் காணாத பிள்ளையின் தலை மாதிரி
இப்படியும் அப்படியும் ஆடியது.
சுத்தியல் பவளத்தின் கழுத்துவரை ஏறியபோது
பவளம் தன்னை உள்ளே இழுத்துக்கொண்டது.

பழைய பிரஷ்ஷால் தேய்த்தேன். பிடுங்கினேன்.
கைக்கு வந்ததைவிட நழுவியது அதிகம்.
நழுவிய ஒவ்வொரு இழையும்
வேறொரு பாறையில் போய்க் குடித்தனம் வைத்தது.
ஆர்.ஓ. தண்ணீரைச் சந்தேகித்து மெம்பரேன் மாற்றினேன்.
உப்பு வாளியைச் சந்தேகித்தேன்.
விளக்கையும் சந்தேகித்தேன்.
பெங்களூர் போய் இம்தியாஸ் கடையில் ஐந்து நத்தை வாங்கி
பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.
கண்டக்டர் எட்டிப் பார்த்து ‘சமைக்கவா?’ என்றார்.
மூன்று மேய்ந்தன.
ஒன்று கண்ணாடியில் ஏறி அங்கேயே யோசனையில் நின்றது.
ஒன்று மல்லாந்து விழுந்தது,
நிமிர்த்திவிட வீட்டில் யாரும் இல்லாத ஒரு மதியத்தில்.

கடைசியாக இருட்டு.
மூன்று நாள் தொட்டியைப் போர்வையால் மூடினேன்.
கரண்ட் பில்லோடு மேலே வந்த நாகவேணி
‘உள்ளே யாரையாவது ஒளிச்சு வெச்சிருக்கியா?’ என்றாள்.
போர்வையை விலக்கியபோது பாசி வெளுத்திருந்தது.
பத்தாம் நாள் மறுபடியும் பச்சை.

சம்பங்கிக்கு ஓசூரில் இரண்டாம் ஷிப்ட்.
கம்பெனி பஸ் இறக்கிவிடும்போது மணி ஒன்றரை.
ஐந்தரைக்கு நான் கிளம்பியாக வேண்டும்.
சீசன் முடியும்வரை நாங்கள் பேசிக்கொள்வதெல்லாம்
ஃபிரிட்ஜ் கதவில், காந்தத்துக்கு அடியில்:
கேஸ் சொல்லியாச்சு.
குழம்பு மேல்தட்டில்.
உன் அண்ணன் போன் பண்ணினார்.

ஜூலையில் ஒரு ராத்திரி வயிற்றுவலி, விழித்துக் கிடந்தேன்.
செருப்பைக் கையில் பிடித்தபடி வந்தான்.
விளக்குப் போடவில்லை.
ஃபிரீசர் திறக்கும் சத்தம்.
தொட்டி மூடியின் சத்தம்.
பிறகு, நான் கேட்டு எவ்வளவோ நாளாகிவிட்ட ஒரு குரலில்
மீனிடம் குனிந்து,
‘பசிக்குதா? யாரும் போட்டிருக்க மாட்டாங்க’ என்றான்.

யாரும்.

காலையில் நான் ஒரு கட்டி போடுகிறேன்.
சாயங்காலம், பாவம் என்று இன்னொன்று.

எழுந்து போய் விளக்கைப் போட்டேன்.
‘நீயும் போடறியா?’
‘நீயும் போடறியா?’
போர்வை மூடிய மூன்று நாளும்கூட
ஓரத்தைத் தூக்கிப் போட்டானாம்.
கோமாளி மீன் எங்கள் இருவரையும் பார்த்து
பட்டினி கிடந்த முகத்தை வைத்துக்கொண்டது.

நான் பிரஷ் தேயத் தேய்த்துக்கொண்டிருந்தது
எங்கள் இரண்டு பேரின் மிச்சத்தை.

இப்போது சீட்டில் ஒரு வரி கூடியிருக்கிறது:
‘மீனுக்குப் போட்டாச்சு.’
கீழே கோணலாக, ‘சரி. வயிறு எப்படி?’

பாசி குறைந்தது. போய்விடவில்லை.
பம்புக்குப் பின்னால் கையெட்டாத மூலையில்
ஒரு கொத்து இன்னும் ஆடுகிறது.
ஞாயிற்றுக்கிழமை பிரஷ்ஷை எடுத்தேன்,
திரும்ப வைத்துவிட்டேன்.
நான்கு நத்தைக்கும் ஏதாவது வேண்டுமே.